புகை நிறம்

மீட்டர்காரர் என்றால் அந்த ஆலையில் தெரியாதவர் கிடையாது. கொதிகலன் மீட்டரின் முள் ஒரு கோடு தள்ளி நின்றாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று வீட்டுக் கொல்லையில், புகையடுப்புக்கு முன்னால், கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிடித்தவர் யாருமில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அடுப்பு என்றால் உயரமான இரும்பு டிரம். அடியில் கரி, நடுவே தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே கறி வைக்கும் கம்பித்தட்டு. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினார். முதல் நாளே மூடி இடுக்கெல்லாம் புகை கசிந்தது. நம்ம ஆள் விடுவாரா? மூடி விளிம்பில் சூடு தாங்கும் கயிற்றை ஒட்டினார். கரி சாம்பலில் புதையாமலிருக்கக் கம்பிவலையில் கூடை வளைத்தார். கடைசியாக மூடியின் உச்சியில் துளை போட்டு, வட்ட முகமுள்ள வெப்பமானி ஒன்றை மாட்டினார். "இனிமே இது அடுப்பு இல்ல, கருவி" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி குடும்பத்தைக் கூப்பிட்டு முதல் கோழி வைத்தார்கள். முள் நூற்றிருபதில் ஆடாமல் அசையாமல் நின்றது. அந்தச் சூட்டுக்கான நேரக் கணக்குப்படி இறக்கினார். துண்டு போடும்போது மனைவி கத்தியை நிறுத்தினாள்.

"ஏங்க, எலும்புகிட்ட சிவப்பா இருக்கே?"

"அது புகை நிறம். புகை போட்டா அப்படித்தான் இருக்கும். உனக்கென்ன தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வெட்டினாள். "கால் ரெண்டும் எனக்குத்தான் மாமா" என்று மச்சான் தட்டை நீட்டினான். மறுநாள் சாயங்காலம் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவன் மனைவி போனில் பிடிபிடியென்று பிடித்தாள். "மசாலா தடவி ஒரு மணி நேரம் வெளியிலயே வச்சிருந்தீங்களே அண்ணி, நான் பார்த்தேனே!" மீட்டர்காரர் மனைவி அன்றிலிருந்து சமையல் மேடையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். முட்டையைத் தொட்டால்கூட இரண்டு தரம் கை கழுவுகிறாள். அந்த ஒரு மணி நேரமும் மீட்டர்காரர் கரி பற்றவைக்கத் தாமதம் செய்ததால் வந்தது; அவரோ பக்கத்திலேயே நின்று அவள் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனசு கேட்கவில்லை. இன்று ஆலையிலிருந்து சோதனை வெப்பமானியைக் கொண்டுவந்து கம்பித்தட்டிலேயே வைத்து, கரி மூட்டிப் பார்த்தார். உச்சியில் முள் நூற்றிருபது. தட்டில் எண்பத்தைந்து. சூடு மேலே ஏறும் என்பது அவருக்குச் சோறு போடும் பாடம்! கோழி இருக்கும் இடத்தில் அளக்காமல், பார்க்க எடுப்பாக இருக்கும் இடத்தில் அளந்திருக்கிறார், பாவி மனுஷன்.

வெப்பமானியைக் கழற்றி, துளையை ஒரு போல்ட்டால் அடைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. போல்ட்டைக்கூட எடுத்துவிட்டார்.

அப்போது மனைவி பையோடு பின்வாசலுக்கு வந்தாள்.

"தம்பியப் பார்த்துட்டு வரேங்க. சூப் கேட்டானாம். என் கையால வேண்டாம், கடையில பழம் வாங்கிக்கிறேன்."

என் கையால வேண்டாம். மீட்டர்காரர் போல்ட்டைக் கீழே வைத்தார்.

"உன் கையில ஒண்ணுமில்லடி," என்றார். "முள்ள நான் தப்பான இடத்துல வச்சிட்டேன். கோழி வேகவே இல்ல."

அவள் போல்ட்டைப் பார்த்தாள், தட்டில் கிடந்த வெப்பமானியைப் பார்த்தாள்.

"அப்போ அன்னிக்கு நான் கேட்டது சரிதானா?"

"சரிதான்."

"நாலு நாளா என் கையையே மோந்து பார்த்துட்டிருந்தேங்க."

அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தி, அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே சொல்லுங்க. 'உனக்கென்ன தெரியும்'னு சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்க."

மறுமுனையில் தம்பி மனைவி வெடுக்கென்று கேட்டாள்: "இப்ப என்ன அண்ணி?"

"அண்ணி இல்லம்மா," என்றார் மீட்டர்காரர். "நான்தான்."