கால் பங்கு

ஆர்த்தியின் அப்பா சுந்தரபாண்டி சிவகாசியில் காலண்டர் அச்சடித்தவர். அவருடைய பிரஸ் இருந்த செட், சம்பந்தி கனகசபாபதிக்குச் சொந்தம். ஒரு வருஷம், இரண்டு மாத வாடகை மட்டும் பாக்கி நின்றது. டிசம்பர் நடுவில், லோடு ஏற்ற வேண்டிய காலண்டர்கள் உள்ளே அடுக்கிக் கிடக்கும்போது, கனகசபாபதி கதவைப் பூட்டினார். ஆர்த்தி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலில் விழாத குறையாகக் கேட்டாள்.

"சம்பந்தம் வேற, வாடகை வேற தாயி" என்றார். சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அவள்தான் ஊற்றினாள்.

பொங்கல் கழிந்து பூட்டு திறந்தது. காலண்டர்கள் பழைய பேப்பர் விலைக்குப் போயின. அப்பா இப்போது வேறொருவர் பிரஸ்ஸில் பண்டல் கட்டுகிறார். ஆர்த்தி அந்த வீட்டில் ஒரு நாளும் அழவில்லை. மாமனாருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள். எதையும் மறக்கவில்லை.

2006-இல் சாத்தூர் ரோட்டில் கனகசபாபதி பெரிய குடோன் ஒன்று கட்டினார். சென்னைப் பேப்பர் கம்பெனி ஒன்று அதை வாடகைக்குக் கேட்டது. மேனேஜர் புகழேந்தி காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

"வாடகையில நூத்துக்குப் பதினஞ்சு பிடிச்சு, ஒங்க பேர்ல வருமான வரிக்குக் கட்டிருவோம்யா. பான் நம்பர் மட்டும் குடுங்க."

"எடம் எனக்கு. வாடகையில நீ எதுக்குத் தம்பி கை வைக்க?"

"சட்டம் அப்படி. ஒருத்தருக்கு வருஷ வாடகை ஒரு லட்சத்து இருபதாயிரத்தத் தாண்டுனா கம்பெனி பிடிச்சே ஆகணும். விட்டா அபராதம் எங்க தலையில."

நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் போவதல்ல கனகசபாபதியின் கவலை. எந்த வாடகையையும் அவர் இதுவரை அரசாங்கத்துக்குக் காட்டியதில்லை. பெயர் ஒருமுறை பதிந்துவிட்டால் ஊருக்குள் இருக்கும் கடை, செட் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆடிட்டரிடம் போனால் பழைய கதையெல்லாம் கேட்பார். அதனால் பத்திரம் எழுதுபவரிடம் போனார். அவர் வழி சொன்னார்: குடோனை நான்கு பேர் பெயரில் பிரித்து எழுதிவிட்டால், தலைக்கு வரும் வாடகை வரம்புக்குள் அடங்கிவிடும். கம்பெனி பிடிக்காது.

தனக்குக் கால் பங்கு வைத்துக்கொண்டு, மனைவி பாலம்மாளுக்கும் மகன் ராஜபாண்டியனுக்கும் ஆர்த்திக்கும் ஆளுக்குக் கால் பங்கு தானமாக எழுதிவைத்தார். பதிவு ஆபீஸில் பாலம்மாள், "எந்தப் பக்கம் எனக்கு?" என்று கேட்டாள்.

"கக்கூஸ் பக்கம்" என்றார். குமாஸ்தாகூடச் சிரித்தான்.

மனைவிக்கும் மருமகளுக்கும் பேங்கில் கணக்குத் தொடங்கி, செக் புக் முழுக்கக் கையெழுத்து வாங்கி, தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்தக் கணக்குகளில் விழும் வாடகையை மாதாமாதம் அவரே தொகை எழுதி எடுத்துக்கொண்டார். மருமகளிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

விருதுநகரில் ஒரு காதுகுத்துக்குப் போன ஆர்த்தி, பத்திர நகலோடு அங்கே ஓர் ஆடிட்டரம்மாவைப் பார்த்தாள்.

"எழுதிக் குடுத்தத இனி அவரு திருப்பி வாங்க முடியாதும்மா. பங்கும் ஒனக்கு, வாடகையும் ஒனக்கு" என்றார் ஆடிட்டரம்மா. "ஆனா ஒண்ணு. மாமனார் மருமகளுக்குச் சும்மா குடுத்த சொத்து. அதுல வர்ற வருமானத்த அவரு கணக்குலதான் சேப்பாக. வரி அவருதான் கட்டணும்."

ஆர்த்தி அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

அடுத்த மாதம் கனகசபாபதி போட்ட செக் பேங்கிலிருந்து திரும்பி வந்தது. வீடு அதிரக் கத்தினார்.

"ஏம்மா, என் பணம் எங்க?"

"எந்தப் பணம் மாமா?"

"குடோன் வாடகை!"

"ஒங்க கால் பங்கு ஒங்க கணக்குல இருக்கும், பாருங்க. எனக்கு வந்தத நான் எடுத்துட்டேன். பழைய செக்கு எதுவும் இனி செல்லாதுன்னு பேங்குல எழுதிக் குடுத்தாச்சு. எம் பங்குக்கு உள்ள வரிய மட்டும் நீங்க கட்டிருங்க."

"நான் எதுக்குக் கட்ட?"

"சட்டம் அப்படியாம். கட்டாட்டி வருமான வரி ஆபீஸ்லருந்து வந்து கேப்பாக. குடோன், கடை, செட்டு ஒண்ணு விடாம எழுதி, கீழ எம் பேரையும் போட்டு அவுகளுக்கு அனுப்பிட்டேன்."

கனகசபாபதி மகனைப் பார்த்தார். "ஏலே, ஒம் பொண்டாட்டி பேசுறதக் கேட்டியாலே?"

ராஜபாண்டியன் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "பத்திரம் நீங்கதான எழுதுனீக."

"எல்லாம் ஒங்கப்பனுக்காகவா?" என்றார் ஆர்த்தியிடம். குரல் இறங்கியிருந்தது.

"ஆமா" என்றாள்.

பாலம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்தாள். இவ்வளவு நேரமும் அவள் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

"ஆர்த்தி, எம் பங்குக்கும் சட்டம் அதேதானா?"

"அதேதான் அத்தை."

"அப்ப நாளைக்குப் பேங்குக்கு நானும் வாரேன்."

கனகசபாபதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.