பதினாறு லோடு பாறை

நிலம் சுத்தம் செய்யும் காண்ட்ராக்டர் மஞ்சக்கையின் சமையலறையில் முதல் பாறை முளைத்தபோது குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. டைல்ஸைப் பிளந்துகொண்டு வந்த பாறை, வந்த வேகத்தில் அவர் மனைவியின் கால் கட்டைவிரலை நசுக்கி, காஸ் அடுப்பைச் சுவரோடு வைத்துத் தேய்த்தது. மறுநாள் ஹாலில் ஒன்று, டிவியைக் கவிழ்த்துக்கொண்டு வந்தது. அதற்கடுத்து குளியலறையில். தெருக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாறை லேப்காரியுடையது, அவள் இன்னும் வந்து எடுத்துப் போகவில்லை, அவ்வளவுதான் என்றார்கள்.

லேப்காரி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். வெல்டர் அண்ணனோடு அவள் குடியிருந்த வாடகை வீட்டில் தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் வீட்டுக்காரர் படுக்கையறையில் இருந்தது. அவர் எழுந்தால்தான் இவள் குளிக்கலாம். என் குழாயை நான் திறக்கணும் என்ற ஒரே வெறியில் வருஷக்கணக்காகச் சம்பளத்தைச் சேர்த்து, ஊர்க்கோடியில் முள் மண்டிய ஒரு மனையை வாங்கினாள். முள், வேர், மண் சமன் செய்வது, குப்பை ஏற்றுவது எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்றுதான் மஞ்சக்கையிடம் பேசியது. பொக்லைனுக்கு அவரே பெயின்ட் அடித்து அடித்து முழங்கைவரை மஞ்சள் ஏறிப்போன ஆள். வேலை முடிந்து வந்த பில், பேசியதைப்போல இரண்டு மடங்கு. கூடுதல் முழுக்க ஒரே வரியில் இருந்தது: பாறை அகற்றியது, பதினாறு லோடு.

“அண்ணே, அந்த மண்ணுல காக்கா ஓட்டக்கூட ஒரு கல்லு கெடையாது. பாறை எங்கேருந்து வந்துச்சு?”

“அடியில என்ன இருந்துச்சுன்னு உனக்கென்னம்மா தெரியும்? நீ ரத்தம் எடுக்கறப்ப எத்தன சொட்டுன்னு நான் வந்து எண்ணுனனா?”

அது ஆற்று வண்டல். வேலிக்கம்பை ஓர் அமுக்கு அமுக்கினால் இறங்கிவிடும். அதனால் அவள் தரமாட்டேன் என்றாள். மஞ்சக்கை பொக்லைனை மனைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, பணம் வரும்வரை மெஷின் நிற்பதற்கும் தினக்கூலி ஏறும் என்று சொல்லியனுப்பினார். நியாயம் கேட்கப் போன அண்ணனை அவருடைய ஆட்கள் மூன்று பேர் மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். தோள்பட்டை எலும்பு காய்ந்த விறகுபோல முறிந்த சத்தம் பின்னால் வந்துகொண்டிருந்த லேப்காரிக்குத் தெருமுனையிலேயே கேட்டது. அவள் நேராகப் போய், கீழே கிடந்த கம்பியை எடுத்து மஞ்சக்கையின் வாயில் ஒன்று போட்டாள். இரண்டு பல் பொக்லைன் வாளிக்குள் போய் விழுந்தது.

ஸ்டேஷனில் அவர் வாயில் துண்டோடும், இவள் வெள்ளைக் கோட்டில் அண்ணன் ரத்தத்தோடும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் அடிச்சிருக்கீங்க. கேஸுன்னு போட்டா உனக்கு வேலை போயிரும். பில்லக் கட்டிட்டு வீட்டுக்குப் போம்மா.” வேலை போனால் மனையும் போகும். கடன் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

“முழுசா தர்றேன். அப்ப அந்தப் பாறை என் நிலத்துல வெளஞ்சது, என்னோடது. எங்க போட்டீங்க?”

மஞ்சக்கையோடு வந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். மஞ்சக்கை பல் போன சந்து வழியாகச் சொன்னார்: “எங்க வீட்லதான் இருக்கு. சோறு போட்டு வளக்கறேன். வந்து எடுத்துக்க.”

“எழுதிக் குடுங்க.”

சிரித்துக்கொண்டே பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்த வாரமே பாறைகள் வர ஆரம்பித்தன.

அவர் பிரேக்கர் வைத்து உடைத்து, லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டினார். காலி லாரி திரும்புவதற்குள் பாறைகள் கேட்டை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. அண்ணனை அடித்தவர்களில் ஒருவன் திடீரென்று எழும்பிய பாறைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கி வலது கையைப் பறிகொடுத்தான். மற்ற இரண்டு பேரும் பாக்கிச் சம்பளம்கூடக் கேட்காமல் ஓடிப்போனார்கள். மனைவி கட்டுப்போட்ட விரலோடு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கடைசி லோடு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரே பாறையாகக் கிளம்பி, தூங்கிக்கொண்டிருந்தவரைப் புரட்டித் தரையில் போட்டு, அவர் இடது காலின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. தீயணைப்புக்காரர்களின் ஜாக்கி இரண்டு வளைந்துபோயிற்று. பாறைக்குச் சொந்தக்காரியைக் கூப்பிடுங்கள் என்று யாரோ சொல்ல, லேப்காரி டியூட்டி கோட்டோடு வந்து அவர் தலைமாட்டில் நின்றாள்.

“என் மண்ணுல பாறை இருந்துச்சா, இல்லியா?”

“இருந்துச்சு.”

பாறை ஒரு விரற்கடை இறங்கியது. உள்ளே ஏதோ நொறுங்கியது.

“இல்லன்னு சொல்லுங்க. என் காச எடுத்து வைங்க. நான் போயிட்டே இருக்கேன்.”

“இருந்துச்சு.” இன்னொரு விரற்கடை. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. வலி தாங்காமல் “இல்ல” என்று ஒரு முனகல் வந்தது. உடனே பாறை காலி அட்டைப்பெட்டிபோல லேசாகி எழும்பியதைக் கூடியிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். காலை இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது. ஆனால் அதற்குள் மஞ்சக்கைக்குப் பணம் ஞாபகம் வந்துவிட்டது. “இருந்துச்சுன்னுதான் சொல்றேன்” என்றார். பாறை முழுக் கனத்தோடு இறங்கிற்று. முழங்காலுக்குக் கீழே எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அவர் ரத்தத்தை எடுத்தது லேப்காரிதான். பச்சைக் குழந்தைக்கே முதல் குத்தில் நரம்பைப் பிடிக்கிறவள், அவருக்கு நான்காவது குத்தில்தான் பிடித்தாள்.

அதன்பின் பாறைகள் அடம்பிடிக்கவில்லை. மஞ்சக்கையின் பொக்லைனே, அவர் செலவிலேயே, அத்தனையையும் மனையில் கொண்டுவந்து இறக்கியது. லேப்காரி அதை வைத்தே அஸ்திவாரமும் சுவரும் எழுப்பினாள். குழாயைத் தன் கையால் திறந்தாள். அண்ணனின் தோள் கோணலாகத்தான் கூடியது. அவன் இடது கையால் வெல்டிங் வைக்கப் பழகிக்கொண்டான்.

மஞ்சக்கை ஊன்றுகோலோடு அந்தத் தெருவுக்கு வர ஆரம்பித்தார். போகிறவர் வருகிறவரை நிறுத்தி, கோலால் வீட்டைக் காட்டி, “பாத்துக்கங்க, அத்தனையும் இந்த மண்ணுல எடுத்தது. நான் பொய்யா பில் போட்டேன்?” என்பார். முதல் தடவை லேப்காரி ஜன்னலைத் திறந்து, “பொய்யி. இங்க பாறையே இல்ல” என்று கத்தினாள். கத்தி முடிக்கவில்லை, அடுப்புக்கு மேலே ஒரு கல் காணாமல்போய், ஓட்டை வழியே தெரு தெரிந்தது. அண்ணன் அதைச் செங்கல் வைத்து அடைத்தான். “பாப்பா, வாய மூடு. கூரை நிக்கணும்” என்றான்.

இப்போதும் அவர் தினம் வருகிறார். வாசலுக்கு நேரே நின்று கோலைத் தட்டி, “என்னம்மா, இருந்துச்சா இல்லியா?” என்று கேட்கிறார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, குழாயடியில் பாத்திரம் தேய்த்தபடியே பதில் சொல்கிறாள்.

“இருந்துச்சு. காலு எங்க?”

அவர் கோலை ஊன்றித் திரும்பிப் போகிறார்.