பதினேழாம் எண் வீட்டில் வாசம்

பதினேழாம் எண் வீட்டில் ஆறு பேர் குடியிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் மனிதர்கள். ஒருவர் கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர். அவர் தெருமுனை திரும்பும் முன்பே அவர் மேல் அடிக்கும் நெடி திரும்பிவிடும் என்பதால் பெயின்ட்டில் கலக்கும் திரவத்தின் பெயரே தெருவில் அவருக்கும் பெயர்: 'தின்னர்'. இன்னொருவர் அவர் மனைவி. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். மற்ற நால்வரும் வாசனைகள்.

கல்யாணமான மூன்றாம் வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்தான் இதற்குக் காரணம். வாசலில் நின்று, படிவத்தில் அச்சிட்டிருந்தபடியே, "இந்த வீட்ல வாசம் யார் யாரும்மா?" என்று கேட்டார். தையல் மெஷின் சத்தத்தில் அவள் காதில் விழுந்தது 'வாசம்' மட்டும்தான். வெளியாள் ஒருவர் அதைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் தடவை. பெயின்ட் நெடியை வீட்டுக்குள் அண்டவிடாமல் தான் பட்ட பாடு ஒரு மூக்குக்காவது எட்டியதே என்ற பூரிப்பில், பெடலிலிருந்து காலை எடுக்காமலே அடுக்கினாள். குளிருக்கு ஆரஞ்சுத் தோல். நாலு கிராம்போடு தண்ணீரில் போட்டு அடுப்பைச் சிறு தீயில் விட்டால் போதும். பூக்காலத்துக்கு ரோஜா இதழ், நிழலில் உலர்த்திக் கிண்ணத்தில். வெயிலுக்கு எலுமிச்சம்புல் கொதித்து ஆறிய தண்ணீர். அதில் ஜன்னல் திரையை நனைத்துக் கட்ட வேண்டும். மழைக்கு யூகலிப்டஸ் கொத்து, குளியலறைக் குழாயில். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "வயசு?" என்றார். "மூணு மாசம். அதுக்கு மேல தாங்காது." "என்ன உறவு?" "வருஷா வருஷம் வர்றவங்கதான்." விருந்தினர் என்று போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

பதிவேட்டில் ஏறிய பிறகு அவர்கள் காற்றோடு போகவில்லை. குளிர் தொடங்கிய அன்று ஆரஞ்சுத் தோல் வந்து அடுப்படி நாற்காலியில் உட்காரும். எழுந்த பின் மெத்தையில் குழி இருக்கும். ரோஜா சோம்பேறி, பத்து மணி வரை கட்டிலை விடாது. எலுமிச்சம்புல் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கும். யூகலிப்டஸ் ஈரச் செருப்புகளைச் சுவரோரம் வரிசையாக வைக்கும். முறை வராதவர்கள் பரணில் படுத்துக்கொண்டார்கள். தண்ணீர் வாரியம் ஆறு பேருக்கு அளந்து விட்டது. ஆறு பேர் அளவுக்குச் செலவும் ஆனது. தின்னர் மாலையில் கதவைத் திறந்து, மூச்சை நன்றாக இழுத்து, "ஆஹா" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் தோல் உரித்ததும் இலை கட்டியதும். அப்படி ஒன்பது வருடங்கள் போயின. அந்த வருடங்களில் தெருவில் எல்லாரும் ஏதாவது சாக்குச் சொல்லி, பொத்தான் தைக்கவாவது, அந்த வீட்டுக்குள் ஒருமுறை போய் வந்தார்கள்.

பத்தாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் துணி காயப்போட்டுவிட்டு அவள் இறங்கி வந்தபோது, அடுப்பில் பால் கருகிப் பாத்திரம் சிவந்திருந்தது. தின்னர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க மூக்கு என்ன, முகத்துக்குச் சோடனையா?"

அவர் பேப்பரை மடித்தார். "கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிடுச்சும்மா. சொன்னா பொண்ணு தரமாட்டாங்கன்னு சொல்லல. அப்புறம் சொல்ல வாய் வரல."

"அப்ப தினமும் ஆஹா ஆஹான்னது?"

அவர் எழுந்து அடுப்பை அணைத்தார். அன்று மாலையே அவள் சட்டியைக் கவிழ்த்து, கிண்ணத்தைக் கொட்டி, திரையைக் கழற்றினாள். நால்வரும் வரிசையாகப் படியிறங்கிப் போனதை முனையில் துணி தேய்ப்பவர் பார்த்தார். ஒரு மணி நேரம் தெருவில் நான்கு பருவமும் ஒன்றாக அடித்தது, பிறகு ஒன்றுமில்லை. பதினேழாம் எண்ணில் வெங்காயம் வதக்கினால்கூட வாசனை எழவில்லை. வந்தவர்கள் காதில் தண்ணீர் புகுந்ததுபோல் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "சாப்பாடு இருக்கு" என்பதற்கு மேல் அவள் கணவனிடம் பேசவில்லை. அவர் மாலையில் கதவைத் திறந்து, பழக்கத்தில் மூச்சை இழுத்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே வருவார்.

அடுத்த கணக்கெடுப்பு குளிர் தொடங்கிய வாரத்தில் வந்தது. அதே மனிதர், தலைமட்டும் நரைத்திருந்தது. "இந்த வீட்ல வாசம் யார் யாரும்மா?" அவள் மெஷினை நிறுத்தாமல், "நாங்க ரெண்டு பேர்தான்" என்றாள்.

"இல்ல சார், எழுதுங்க" என்று தின்னர் எழுந்து வந்தார். "ஆரஞ்சுத் தோல்னு போடுங்க. இவ நகமெல்லாம் மஞ்சளா இருந்தா அது வந்தாச்சு. ரோஜா வந்தா, கிண்ணத்தைத் தாண்டும்போதெல்லாம் கையை விட்டுக் கிளறிட்டுப் போவா, சருகு சத்தம் கேக்கும். எலுமிச்சம்புல்லுன்னா ஈரத் திரை என் கழுத்துல படும். யூகலிப்டஸ் இருந்தாதான் சார் இவ குளிக்கும்போது பாடுவா, மத்த நாள்ல பாடமாட்டா. எனக்கு மூக்குதான் இல்ல."

மெஷின் நின்றது.

"கிராம்பை விட்டுட்டாரு" என்றாள் அவள், கணக்கெடுப்பாளரைப் பார்த்து.

"அது ஆரஞ்சு கூடவே வர்றதுதானே?" என்றார் தின்னர்.

"கூடவே வந்தா ஆளு இல்லையா?"

கணக்கெடுப்பாளர் ஏழு என்று எழுதினார். பிறகு வாசற்படியில் நீட்டியிருந்த காலை மடக்கி, உள்ளே போகிறவர்களுக்கு வழிவிட்டார். அடுத்த மாதம் தண்ணீர் வாரியமும் அளவைக் கூட்டியது. தின்னர் கிராம்புக்கென்று ஒரு சின்ன முக்காலி வாங்கிப் பெயின்ட் அடித்து வெயிலில் காயவைத்தார். நெடி போய்விட்டதா என்று தினமும் மனைவியைக் கேட்டு, எட்டாம் நாள் அவள் போய்விட்டது என்று சொன்ன பிறகு, அதை ஆரஞ்சுத் தோலின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.