அந்துருண்டை போட்ட அடைகள்

தையல்காரருக்கு அந்துப்பூச்சி ஜென்ம விரோதி. கம்பளிக் கோட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் வாடிக்கையாளர் கடையை இரண்டாக்கிவிடுவார். அதனால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனைவி, "காலித் தேன்சட்டத்துல அந்து விழுந்துடும், பாத்துக்குங்க" என்று சொன்னபோது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்கவேயில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற மிதப்பு.

மற்றபடி தேனீ இருக்கும் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை. அது முழுக்க அவளுடைய ராஜ்ஜியம். தேனை எடுத்த பிறகு காலி அடைகளை மரச் சட்டத்தோடு பத்திரப்படுத்தினால், அடுத்த பூக்காலத்தில் தேனீக்கள் மெழுகு கட்டுவதில் நாளைக் கழிக்காமல் நேராகத் தேன் சேர்க்கும். அப்படி வருஷக்கணக்கில் சேர்த்த அடைகள் அவை. இந்த முறை அவற்றை எடுத்துவைப்பதற்குள் ஒரு தேனீ கொட்டி, மூச்சடைத்து, அவள் செத்துப் பிழைத்தாள். இன்னொரு கொட்டு வாங்கினால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவளோ, தேறியதும் தேனீக்களிடம் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அவர் சட்டங்களையெல்லாம் துணி வெட்டும் அறைக்குக் கொண்டுவந்தார். பெட்டிகளில் அடுக்கி, இடையிடையே துணி முடிச்சில் அந்துருண்டைகளைச் செருகி, காற்றுப் போகாமல் ஒட்டினார். அந்த அறையில் எப்போதும் அந்த வாடைதான் என்பதால் வீடு திரும்பிய அவளும் சந்தேகப்படவில்லை.

வெளியே பூ விட்டதும் அவளே ஒரு பெட்டியைத் திறந்தாள். ஒரு சட்டத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். புழு இல்லை, நூலாம்படை இல்லை. அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் வெளுத்துவிட்டது.

மருந்து வாடையை மெழுகு குடித்துவிடும், லேசில் விடாது, இதில் குடிவைத்தால் தேனீ சாகும், தேனும் வாயில் வைக்க உதவாது என்று சொன்னாள். இரண்டு நாள் உறையும் குளிரில் வைத்து எடுத்து மூடியிருந்தாலே பூச்சி முட்டை செத்திருக்குமாம். குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

"தெரியாமதானே பண்ணீங்க?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் மனிதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தெரியாமதான் பண்ணேன். தெரிஞ்சிருந்தாலும் இதையேதான் பண்ணியிருப்பேன். நீ மறுபடி அந்தத் தேனீப் பெட்டிக்கிட்ட போறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

சொன்ன பிறகு அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அவள் சட்டத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே இரண்டு தேனீக் கூட்டம் உயிரோடு இருக்கின்றன, அதுகள் புதிதாக அடை கட்டிக்கொள்ளட்டும், டாக்டர் தடுத்தாலும் நீங்கள் தடுத்தாலும் நான் போகத்தான் போகிறேன் என்றாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"யார் யாருக்கோ உடம்போட ஒட்டினாப்புல தைக்கிறீங்க. நான் கடையில வாங்கின தொளதொள அங்கியைப் போட்டுக்கிட்டுத்தான் இத்தனை வருஷமா போனேன். கழுத்துப் பட்டி வழியாத்தான் அன்னைக்குத் தேனீ உள்ள புகுந்துச்சு. எனக்கு ஒண்ணு தைச்சுக் கொடுக்கணும்னு ஒரு நாளாவது தோணுச்சா உங்களுக்கு?"

தோன்றவில்லை. பயப்படுவதற்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது. தோளில் கிடந்த டேப்பை உருவினார்.

"இங்க வந்து நில்லு" என்றார்.

அவள் வந்து நின்றாள். தோள், கை, மணிக்கட்டு எல்லாம் எடுத்துவிட்டார். கழுத்தளவு எடுக்கும்போது மட்டும் டேப் நிலைகொள்ளவில்லை. மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தார். அவள் தாடையை உயர்த்திக்கொண்டு, அவர் சரியாக எடுத்து முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.