பிடுங்கிப் போட்ட செடிகள்

ஒரு வார விடுப்பு முடிந்து வந்தவளுக்கு எருக்குழியிலிருந்து வந்த வாடையில் குமட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அழுகல் குப்பைக்கு நடுவே நிலக்கடலைச் செடிகள் வேரோடு கிடந்தன. அவள் கட்டிய அடையாள அட்டைகள்கூட அவிழ்க்கப்படவில்லை. ஒன்றை இழுத்தாள். கூழாகிப்போன காய்கள் விரலில் ஒட்டிக்கொண்டன, புழு நெளிந்தது.

மாலையில் மொட்டைப் பிரித்து இடுக்கியால் மகரந்தப் பையைக் கிள்ளி, காலையில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவி அவள் உண்டாக்கிய கலப்புகள் அவை. இது இரண்டாம் தலைமுறை. கலப்பில் கூடிய விளைச்சல் வழிவழியாக நிலைக்குமா, முதல் தலைமுறையோடு அடங்கிவிடுமா என்பது இப்போதுதான் தெரியவேண்டும்.

கையைக் கழுவாமலே ஆராய்ச்சிப் பண்ணைத் தலைவர் அறைக்குப் போனாள். தலைவர் அவளுடைய அக்கா புருஷன். வேலையிடத்தில் 'சார்' என்று கூப்பிடுபவளுக்கு அன்று வாய் தடுமாறியது.

"செடியெல்லாம் யாரு பிடுங்கச் சொன்னா, அத்தான்?"

வறுத்த கடலையை மென்றுகொண்டே அவர் சொன்னார்: "நான்தான். நாளைக்கு மேலிடத்துப் பெரிய மனுஷங்க சோதனை வயலைப் பார்க்க வர்றாங்க. சோப்ளாங்கிச் செடியெல்லாம் பல்லிளிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"நல்லது கெட்டது எல்லாத்தையும் எடை போட்டாத்தானே கணக்கு வரும்?"

"இருக்கறதை எடை போடு. சராசரி எகிறும். நம்ம வீட்டுப் பொண்ணாச்சேன்னுதான் செஞ்சேன்."

சொல்லிவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தார். உதட்டோரம் மென்ற கடலை ஒட்டியிருந்தது. எருக்குழியே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் வந்தவர்கள் வயலைப் பார்த்து ஆகா ஓகோ என்றார்கள். அத்தான் இளித்த இளிப்பைப் பார்க்கச் சகிக்காமல் அவள் முன்னால் வந்தாள்.

"நோஞ்சான் செடியையெல்லாம் முன்னாடியே பிடுங்கியாச்சு. இந்த விளைச்சலை நம்பாதீங்க. பிடுங்கினது எருக்குழியில கிடக்கு, வந்து பாருங்க."

யாரும் எருக்குழிப் பக்கம் போகவில்லை. நாற்றம் அடிக்குமாம். ஆனாலும் சோதனையை ரத்து செய்துவிட்டார்கள். அத்தான் நாற்காலி அசையவில்லை. அக்காதான் போன் செய்தாள்.

"என் குடும்பத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி!"

"பிடுங்கினது உன் புருஷன்க்கா."

அக்கா வைத்துவிட்டாள். அதற்கப்புறம் பேசவில்லை.

அடுத்த பருவத்தில், அதே கலப்புகளில் மிச்சமிருந்த விதையைக் கேட்டு வாங்கி, அவளே விதைத்தாள். வரப்போரம் வந்த அத்தான், ஒன்றும் நடக்காதது போல, "நல்லாயிருக்கியாம்மா?" என்றார். தொண்டை வரைக்கும் வந்த எச்சிலை விழுங்கிவிட்டு, அடுத்த விதையை எடுத்தாள்.