சாட்சியின் பெயர்

வக்கீல் சரண்யா கடிதத்தை இரண்டாம் முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தபோதே பொன்னுரங்கத்துக்குப் பாதி தெரிந்துவிட்டது. நல்ல சேதி சொல்கிறவர்கள் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. பக்கத்து நாற்காலியின் நுனியில் மருமகள் நிஷா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காலை வியாபாரத்தைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவள். ராஜா அண்ணாமலைபுரத்து ஏசி அறையில் தன்மேல் மீன் வாடை அடிக்கிறதோ என்று அவளுக்கு வேறு கவலை.

அவள் புருஷன் புகழேந்தி, பொன்னுரங்கத்தின் ஒரே மகன், ஜெனரேட்டர் மெக்கானிக். உலக நாடுகளெல்லாம் சேர்ந்து அனுப்பிய அமைதிப்படை ஒன்று ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் முகாம் போட்டிருந்தது. அந்த நாட்டின் பெயரைச் சொல்லப்போனால் பொன்னுரங்கத்துக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். முகாமில் விளக்கெரிய வைக்கும் வேலைக்கு ஒரு காண்ட்ராக்டர் மூலமாகப் போனவன், முகாம் வாசலிலேயே படையின் சொந்த வண்டி மோதிச் செத்துப்போனான். பெட்டி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. திறக்கக் கூடாது என்று அதன்மேல் ஒட்டியிருந்தார்கள், திறக்கவில்லை. யார் ஓட்டியது, எப்படி மோதியது, உடனே உயிர் போயிற்றா, தண்ணீர் கேட்டானா? இவ்வளவுதான் இவர்கள் கேட்டு எழுதியது. பதினோரு மாதம் கழித்து ஒரு பக்கத்தில் பதில் வந்திருக்கிறது.

"விசாரிச்சிட்டாங்களாம். விபத்துதான், ஓட்டினவர் மேல தப்பில்லைன்னு முடிவு பண்ணியிருக்காங்க. ஆழ்ந்த அனுதாபம் சொல்லியிருக்காங்க" என்றார் சரண்யா.

"அது சரிம்மா. எப்டி ஆச்சுன்னு எழுதிக்கீறாங்களா?"

"இல்லீங்க. விசாரணை ரிப்போர்ட்டை வெளியாளுங்களுக்குக் குடுக்கறதில்லையாம்."

"கோர்ட்டுல கேட்டா?"

சரண்யா கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இல்லாமல், சமமான ஆளிடம் பேசுவதுபோல் சொன்னார். "எந்த நாட்டுக் கோர்ட்டும் அவங்களைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது. எல்லா நாடும் சேர்ந்து அப்படிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு. அதுலயும் ஒரு நியாயம் இருக்குங்க. சண்டை நடக்கற எடத்துக்குப் போறாங்க, இல்லன்னா ஆளாளுக்குக் கேஸ் போட்டு வேலையே செய்ய விடமாட்டாங்க. அமைதிக்காகன்னு வெச்ச ஏற்பாடு."

"அப்ப அவங்கள யாரு கேக்கறது?"

"அவங்களே ஒரு கமிட்டி வெச்சிருக்காங்க."

நிஷா அதுவரை வாயைத் திறக்காதவள், "அவங்களேவா" என்றாள். சரண்யா பீஸ் வாங்கமாட்டார். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்றார். சரிம்மா என்று இருவரும் எழுந்தார்கள்.

ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. நிஷா அழுவாள் என்று பொன்னுரங்கம் பயந்துகொண்டிருந்தார். அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அவங்க மேல எனக்கு காண்டு இல்ல மாமா" என்றாள். "இவரே போன்ல சொல்வாரு, நம்ம முகாம்ல வெளக்கு எரிஞ்சாத்தான் இந்த ஊரு சனம் தூங்குதுன்னு. நல்லதுக்குத்தான் போய்க்கீறாங்க. ஓட்டுனவன் பேரு தெரிஞ்சா நான் இன்னா, பிளேன் ஏறிப் போயி சட்டையப் புடிக்கப் போறனா? எனக்குத் தெரியணும், அவ்ளோதான். நல்லவங்கதான, சொன்னா இன்னாவாம்?"

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், வேறொருத்தி வாயால் அவர் கேட்டிருக்கிறார். அன்றைக்கு அதற்கு அவர் சொன்ன பதிலும் இப்போது வந்த கடிதமும் ஒரே கையால் எழுதியதுபோல் இருந்தன.

பட்டினப்பாக்கத்து மீனவர் குப்பத்தில் பொன்னுரங்கம் ஒன்பது வருடமாகப் பஞ்சாயத்துத் தலைவர். பஞ்சாயத்து என்றால் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. போலீஸ் வந்து போகும், கவுன்சிலர் வந்து போவார். ஊர் பஞ்சாயத்து கடலுக்குப் போகாதே என்றால் போகக்கூடாது, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் அந்தக் கரையில் வாரத்துக்கு ஒரு மண்டை உடையும். ஊர் அமைதியாக இருப்பது அதனால்தான் என்பதில் பொன்னுரங்கத்துக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

போன ஐப்பசியில் ஒருவன் கடலில் காணாமல் போனான். ஆள் காணாமல் போனால், கிடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க் கட்டு. விடிகாலையில் மைக்கில் சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகும் ஒரு படகு கிளம்பியது. மழை மூட்டத்தில் படகு தெரியவில்லை. என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பொன்னுரங்கத்துக்கு அது போதும். அம்மாவுக்குப் பிள்ளையின் அழுகை மாதிரி, குப்பத்தில் எந்த என்ஜின் எவனுடையது என்று அவருக்குத் தெரியும். இருமி இருமி இழுக்கிற அந்தச் சத்தம் கதிரேசனுடையது. பஞ்சாயத்தில் மற்ற நாலு பெரியவர்களிடமும் தனியாகச் சொன்னார். கதிரேசன் மூன்று மாதம் கடலில் இறங்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

"நான் காய்ச்சல்ல வூட்ல படுத்துக்கினு இருந்தேன்" என்று கதிரேசன் தலையில் அடித்துக்கொண்டான். அதற்குச் சாட்சி அவன் பெண்டாட்டி ஜானகி ஒருத்திதான். பெண்டாட்டி சாட்சி எடுபடாது. எவன் பார்த்தான், என்ன பார்த்தான் என்று கேட்டான். சாட்சி யார் என்று ஊர் சொல்லாது, அதுவும் கட்டு. சொன்னால் வீட்டுக்கு வீடு கத்தியைத் தூக்குவார்கள். காணாமல் போனவன் மூன்றாம் நாள் கோவளத்தில் பத்திரமாகக் கரையேறினான். ஊரே மேளம் அடித்தது. கதிரேசன் மட்டும் பத்தாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு மங்களூர்ப் பக்கம் யாருடைய படகிலோ கூலிக்குப் போய்விட்டான். தண்டனை முடிந்து எத்தனையோ மாதமாகிறது. ஊரை ஏமாத்தினவன்னு பேர் வெச்ச கரையில காலை வைக்கமாட்டேன் என்கிறானாம்.

இதோடு போயிருந்தால் பொன்னுரங்கத்துக்கு நிம்மதி. மார்கழியில் ஒரு நாள் பட்டப்பகலில் கரையில் உட்கார்ந்திருந்தார். அதே இருமல் சத்தத்தோடு ஒரு படகு வந்தது. இறங்கியவன் ரகுபதி, காணாமல் போனவனின் மச்சான்.

"இன்னாடா, கதிரேசன் என்ஜினாச்சே?"

"அவன் புதுசு போட்டுக்கினான் மாமா. இத்த எனக்கு வித்துட்டான். எங்க மச்சான் காணாம போனதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. இதுலதான அன்னிக்கு யாருகிட்டயும் சொல்லாம அவனத் தேடிக்கினு ஓடுனேன். கதிரேசனும் தனியாப் போனான்னுதான் நெனச்சுக்கினேன்."

அவ்வளவுதான் கதை. தேடப் போனது தொழிலுக்குப் போனதாகாது, யார்மேலும் தப்பில்லை. என்ஜின் சத்தம் கேட்டது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கதிரேசனிடம் சொல்லியிருந்தால், என்ஜினை விற்றுவிட்டேன் என்று அவன் ஒரு வார்த்தையில் முடித்திருப்பான். சொல்லவில்லை. மார்கழியிலாவது பொன்னுரங்கம் வாயைத் திறந்திருக்கலாம். தலைவர் காதே தப்பு என்றால் நாளைக்கு எவன் தீர்ப்பை மதிப்பான், ஊர் என்னத்துக்கு ஆகும் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். ஊருக்காகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சித்திரையில் ஜானகி வீட்டுக்கே வந்து நின்றாள். "சாட்சி பேர சொல்லு மாமா. நான் இன்னா, போயி அவன் சட்டையப் புடிக்கப் போறனா? அவருக்கு எத்தயாவது சொல்லி வரவைக்கணும். ஊரு நல்லதுக்குத்தான் கீது, சொன்னா இன்னா?" என்றாள். பொன்னுரங்கம் சொன்னார்: "விசாரிச்சுத்தான் முடிவு பண்ணோம். சாட்சி பேரு வெளிய சொல்றதில்லம்மா." போகும்போது புள்ளைங்க எப்டிக் கீது என்றும் கேட்டார். அதுதான் அவர் சொன்ன அனுதாபம்.

ஆட்டோவிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனதும் நிஷா சோறு போட்டாள். அவர் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். அவள் கடிதத்தை மடித்துப் புகழேந்தியின் போட்டோவுக்குப் பின்னால் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பொன்னுரங்கம் தட்டைத் தள்ளிவைத்தார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய மனுஷர்களைக் காலையிலிருந்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். திட்டிய ஒவ்வொன்றும் சுற்றி வந்து அவர் தலையிலேயே விழுந்தது. வெட்கமாக இருந்தது, வேறு சொல் இல்லை.

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம். அம்மன் கோயிலுக்கு எதிரே மணலில் பாய் விரித்து ஐந்து பெரியவர்கள் உட்கார, ஆண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் கூட்டத்துக்குள் வருவதில்லை. வலைக் கொட்டகைப் பக்கம் நின்று கேட்பார்கள். சாட்சி பேரைக் கேட்டு ஜானகி கொடுத்திருந்த மனுவை நாலாவது தடவையாக ஒருவர் எடுத்துச் சொன்னார். பொன்னுரங்கத்துக்குப் பக்கத்திலிருந்த பெரியவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஊரு சொன்னா சொன்னதுதான். அடுத்தது இன்னா கீது?" என்றார்.

பொன்னுரங்கம் எழுந்தார். கூட்டத்தை முடித்துவைக்க எழுகிறார் என்று பாதிப் பேர் வேட்டியைத் தட்டிக்கொண்டு தாங்களும் எழுந்தார்கள். அவர் செருப்பை விட்டுவிட்டுப் போய், குற்றம் சாட்டப்பட்டவன் நிற்கிற நடுமணலில் நின்றார்.

"கதிரேசன் கேஸுல சாட்சி நான்தான்" என்றார். "நான் படகப் பாக்கல. என்ஜின் சத்தந்தான் கேட்டேன். அந்த என்ஜின் அப்ப அவன்கிட்ட இல்ல, ரகுபதிகிட்ட இருந்துது. கதிரேசன் மேல தப்பில்ல. தப்பு என்து."

ரகுபதி எழுந்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். இந்த மாதிரி நடந்ததே கிடையாது. நடுவில் நிற்கிறவனைத் தலைவர்தான் கேள்வி கேட்பார். தலைவரே நடுவில் நின்றால் யார் கேட்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "வுடு பொன்னுரங்கம், வந்து குந்து. தெரியாமத்தான சொன்ன. நாம பேசிக்கலாம்" என்றார் கொட்டாவி விட்டவர்.

"நாமளே பேசிக்கறது வேணா" என்றார் பொன்னுரங்கம். "கேக்க வேண்டியது அந்தப் பொண்ணு."

கொட்டகைப் பக்கம் ஒரு சலசலப்பு. ஜானகி வந்தாள். முதலில் தயங்கி, பிறகு ஆண்கள் விலகிக் கொடுத்த வழியில் விறுவிறுவென்று வந்தாள். அவளுக்குப் பின்னால் நிஷாவும் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஜானகி மண்ணை வாரித் தூற்றுவாள், வாயில் வந்ததைச் சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். பொன்னுரங்கமும் அதற்குத் தயாராகத்தான் நின்றார்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "உனுக்கு எப்பத் தெரியும் மாமா?"

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. தப்பை ஒப்புக்கொள்வதற்கு நாளெல்லாம் மனசைத் தயார் செய்தவர், இந்தக் கேள்வியை மட்டும் நினைக்கவே இல்லை. நிஷா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்கழியிலயே" என்றார்.

ஜானகி தலையை ஆட்டினாள். சித்திரையில் அவர் வீட்டு வாசலில் நின்றதை நினைத்திருப்பாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, ஏதோ அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எங்கிட்ட சொல்லாத. அவருகிட்ட சொல்லு."

மணி அடித்தது. ஐந்து, ஆறு. எடுக்கமாட்டான் என்று நினைத்தபோது எடுத்தான்.

"சொல்லு ஜானு" என்றது கதிரேசனின் குரல், களைப்பாக, சிரிப்போடு. "இன்னா இந்நேரத்துல? சின்னவன் சாப்ட்டானா?"

நிஷா ஜானகியின் கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள். இரண்டு பெண்களும் போனைத் தூக்கிப் பிடித்தபடி பொன்னுரங்கத்தையே பார்த்தார்கள்.

"ஜானு? லைன்ல கீறியா?"

பொன்னுரங்கம் ஓரடி முன்னால் வந்து, போனுக்கு முன் குனிந்தார்.