வெறும் வயிறு

அந்த வீட்டில் மகனுக்கு எழுபத்து நான்கு வயதும் தகப்பனுக்கு நாற்பத்தேழு வயதும் ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு. மாறியது ஆளின் வயதல்ல, ரத்தத்தின் வயது. ஆளைப் பார்த்து அன்று யாரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. மாற்றியவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற பெண். மகனுக்கு மனைவி, தகப்பனுக்கு மருமகள். குத்தியதே தெரியாது என்பதால் அங்கே வருகிறவர்கள் அவளுக்குப் பஞ்சுக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினாறு வருடமாக அவள் கையில் ஒரு நரம்பு தப்பியதில்லை, ஒரு குழாய் மாறியதில்லை.

முதலில் ரத்தம் எடுக்க வேண்டும், பிறகு எதிரில் இருப்பவரிடம் பெயரும் வயதும் கேட்டு, அவர் கண்முன்னே குழாயில் சீட்டு ஒட்ட வேண்டும். படிப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் காலை ஆறரை மணிக்கு வருகிறவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். பசித்தவனுக்குப் பொறுமை கிடையாது. அதனால் அந்த நிலையத்தில் எல்லாரும் சீட்டை முன்னாலேயே எழுதி ஒட்டி, குழாய்களைத் தாங்கியில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அவள் வீட்டிலிருந்தே இரண்டு பேர். கணவன் உயரமான கட்டிடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். வருடத்துக்கு ஒருமுறை ரத்த அறிக்கை காட்டினால்தான் கம்பெனி அவனைக் கயிற்றில் ஏற விடும். மாமனாரும் அந்த வேலையில் இருந்து ஓய்ந்தவர். கண்புரை அறுவைக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இருவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். ஒரு சீட்டில் 74, ஒரு சீட்டில் 47. கட்டிய புருஷனிடம் யார் வயது கேட்பார்கள்? கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாகிவிட்டதா என்று அவனிடம் கேட்டுக்கொண்டே மாமனாரின் குழாயில் அவன் ரத்தத்தை நிரப்பினாள். அடுத்து உட்கார்ந்த மாமனாரின் ரத்தம் அவன் குழாய்க்குப் போனது.

பத்து மணிக்கு அவளுக்கே தெரிந்துவிட்டது. மெல்லிய உயரமான குழாயில் ரத்தத்தை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் வயது குறைந்த ரத்தம் மெதுவாக இறங்கும், முதிர்ந்த ரத்தம் அவசரப்படும். கணவன் பெயர் போட்ட குழாயில் சிவப்பு நாற்பது கோடு இறங்கியிருந்தது, மாமனார் பெயரில் வெறும் ஆறு. யாருக்கும் தெரியாமல் சீட்டுகளைக் கிழித்துச் சரியாக ஒட்டி, அதோடு முடிந்தது என்று மூச்சு விட்டாள்.

முடியவில்லை. வியாழக்கிழமை கணவன் ஒன்பதாவது மாடியில் கயிற்றில் தொங்கியபடியே மூச்சு வாங்கி, பாதி வேலையில் இறங்கி வந்துவிட்டான். மறுநாள் அவனுக்கு மறுபடி ரத்தம் எடுத்தாள். இந்த முறை முறைப்படி எடுத்து, பிறகு வயது கேட்டாள். "என் வயசு உனக்குத் தெரியாதாக்கும்?" என்று சிரித்தான். அவன் வாய்விட்டுச் சிரித்த கடைசித் தடவைகளில் அதுவும் ஒன்று. சிவப்பு நாற்பது கோடு இறங்கியது. சர்க்கரை ஏறியிருந்தது, ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அன்றே மறுபடி எடுத்த மாமனாரின் ரத்தமோ மலை ஏறி இறங்குகிறவனின் ரத்தமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அவள் எழுதி ஒட்டியதை ரத்தம் அப்படியே நம்பிவிட்டது. அறிக்கையில் கையெழுத்துப் போடுகிற டாக்டர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "மிஷின் தப்புச் சொல்லாதும்மா. நீதான் வயசை மாத்திப் போட்டிருக்க, திருத்திடு" என்றார். திருத்தினார்கள். அந்தத் தாளைக் காட்டித்தான் மாமனார் அடுத்த மாதம் மகன் விட்டுவந்த வேலையில் சேர்ந்தார். கண்புரை தானாகவே கரைந்துபோயிருந்தது.

கணவனுக்கு மட்டும் தனியாக எடுத்து 47 என்று எழுதி மூன்று முறை முயன்றாள். பலிக்கவில்லை. சேர்ந்து இடம் மாறியவை சேர்ந்துதான் திரும்பும் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரே காலையில், ஒரே தாங்கியில், அன்று போலவே குழாய் மாற்றி எடுக்க வேண்டும், இருவரும் வெறும் வயிற்றோடு. ஒருமுறை மாமனார் சாப்பிட்ட பிறகு எடுத்துப் பார்த்தாள். ரத்தத்தின் தெளிநீர் பால்போல வெளுத்து நின்றது, ஒன்றும் நடக்கவில்லை. மாமனாரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அழுதார். மகன் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே எடுத்துடலாம்மா. இவன் பொருள் எனக்கெதுக்கு?" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள்.

மறுநாள் விடியும்போது சமையலறையில் வாழைப்பழத் தோல் கிடந்தது. "ஐயோ, ஞாபகமில்லாம சாப்பிட்டுட்டேனே. நாளைக்குப் பார்த்துக்கலாம்மா." அடுத்த நாள் இரண்டு பிஸ்கட். அதற்கடுத்த நாள் சர்க்கரை போட்ட தேநீர். அவள் பிஸ்கட் டப்பாவைப் பூட்டிவைத்தாள். அவர் சட்டைப் பையில் வேர்க்கடலை இருந்தது. ஒரு மாதம் கழித்து மன்னிப்புக் கேட்பதும் நின்று, "நாளைக்கு" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அவருக்கு முடி வேரிலிருந்து கறுத்து வந்தது. கயிற்றில் தொங்கிக்கொண்டு சீழ்க்கை அடித்தார். இளரத்தம் துள்ளுகிறது என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள், எவ்வளவு சரியாகச் சொல்கிறோம் என்று தெரியாமல்.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டித் தீர்த்துவிடவும் வழியில்லாமல் போனது. மகனுக்கு மருந்து வாங்கிவந்தார், நகம் வெட்டிவிட்டார், கால் வீங்கியபோது தைலம் தேய்த்தார். இரண்டாம் வருடம் அவனால் நடக்க முடியாமல் போனதும் முதுகில் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனார். அவனுடைய பலத்தாலேயே அவனைத் தூக்குகிறார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். கணவன் அவர் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான்.

"நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று ஒருநாள் அவள் கெஞ்சினாள்.

"அவரா தரணும். கேட்டு வாங்குற பொருளா இது?" என்றான். கேட்கவில்லையே தவிர, அவன் நம்பிக்கையை விடவும் இல்லை. தினமும் காலையில் ஒன்றும் சாப்பிடாமல், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு காத்திருப்பான். சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்கும். கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "சரி, எனக்கும் ஏதாவது கொடு" என்பான். நான்கு வருடம் அப்படி நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு பற்றி எரிகிறது.

ஐம்பத்தொன்றாவது வயதில், எழுபத்தெட்டு வயது ரத்தத்தோடு அவன் இறந்தான். கடைசி நாளும் சட்டைக் கை சுருட்டித்தான் இருந்தது. மாமனார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் வேலைக்குப் போனபோது நிலையத்தின் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார். "ஒண்ணும் சாப்பிடலம்மா. என் வயசை எழுதி எடுத்துடு. இதை வச்சுக்கிட்டு என்னால முடியல." அவள் அவர் கைக்கு ரப்பர் பட்டை கட்டினாள். நரம்பு கயிறுபோலப் புடைத்து எழுந்தது. அது யாருடைய நரம்பு என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு பட்டையை அவிழ்த்தாள்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம் மாமா."

அந்த ரத்தத்தின் வயது மகன் செத்த நாளோடு நின்றுபோனது. வருடாந்தர அறிக்கைக்கு வேறொரு பெண் எடுக்கிறாள். அந்தப் பெண் எழுதுவதை ரத்தம் மதிப்பதில்லை. ஐம்பத்தொரு வயதுக்கான அதே எண்கள், புள்ளிக்குப் பின்னால் இருப்பவைகூட மாறாமல், ஒவ்வொரு வருடமும் அச்சாகி வருகின்றன. தனியாக ஒரு குழாயில் அவர் வயதை எழுதினால் பலிக்குமா என்பது பஞ்சுக்கை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். அவள் எழுதிப் பார்க்கவில்லை. போன மாதம் அவருக்கு நூற்றொரு வயது முடிந்தது. அவளுக்கு அறுபத்தைந்து, முடி பாதிக்குமேல் நரைத்துவிட்டது, அவளுடைய சிவப்பும் இப்போது இருபத்தெட்டுக் கோடு இறங்குகிறது. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பூட்டு போடாத பிஸ்கட் டப்பா அலமாரியில் அப்படியே இருக்கிறது, காலையில் யாரும் அதைத் தொடுவதில்லை. தினமும் ஆறரை மணிக்கு அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிலையத்தின் பெஞ்சில் முதல் ஆளாக உட்காருகிறார். அவள் நாளைக்கு என்கிறாள். அவர் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, எதிரே உள்ள கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, கண்ணாடி பொருத்தப் போகிறார்.